கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கியவர்களுக்கு: வெயிலிலும் மழையிலும் மரத்தைக் காப்பாற்றும் வழி

கிட்டாரும் ஈரப்பதமும் பற்றி விசாரித்தால் இரண்டு விதமான பதில் வரும். சென்னையில் இருப்பவர்கள் ஈரத்தை இழுக்கும் சிலிக்கா ஜெல் போடச் சொல்வார்கள். அமெரிக்க வீடியோக்களில் சவுண்ட் ஹோலுக்குள், அதாவது கிட்டாரின் வட்டத் துளைக்குள், ஈர ஸ்பாஞ்சைத் தொங்கவிடச் சொல்வார்கள். இரண்டும் அவரவர் ஊருக்குச் சரிதான். நம் பக்கம் மார்ச், ஏப்ரல் மதியத்தில் உதடு வெடிக்கிற அளவுக்குக் காற்று காய்ந்து கிடக்கும், அதே வீட்டில் அக்டோபரில் சுவரில் ஓதம் ஏறி பீரோவுக்குப் பின்னால் பூசணம் பிடித்திருக்கும். அதனால் ஒரே கிட்டாருக்கு ஒரே வருடத்தில் இரண்டு வைத்தியமும் தேவைப்படுகிறது. மாற்றிச் செய்துவிட்டால் சும்மா விட்டிருப்பதைவிட மோசமாகிவிடும். இதைச் சொல்லித்தர ஆள் கிடைக்காமல் ஊர் ஊராக விசாரித்து, கடைகளில் காசையும் கொடுத்து, கடைசியில் ஒரு மீட்டரையும் ஒரு நோட்டையும் வைத்துக்கொண்டு தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம். மார்ட்டின், டெய்லர் போன்ற பெரிய தயாரிப்பாளர்கள் சொல்வது இந்த அளவைத்தான். நம் ஊரில் கிட்டார் இருக்கும் பெட்டிக்குள் 40-க்குக் கீழே போகாமலும் 60-ஐத் தாண்டாமலும் பார்த்துக்கொண்டாலே பெரிய சேதம் எதுவும் வராது.

1. உங்கள் கிட்டார் சாலிட் டாப்பா, பிளைவுட்டா?

டாப் என்றால் தந்திகளுக்கு அடியில் இருக்கும் முன்பலகை. சவுண்ட் ஹோலின் விளிம்பை டார்ச் அடித்துப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மேலே தெரியும் மர ரேகை அப்படியே விளிம்பில் மடங்கி உள்பக்கம் இறங்கினால் அது சாலிட், அதாவது ஒரே பலகையில் அறுத்தது. விளிம்பில் மெல்லிய தாள்களை அடுக்கி ஒட்டியது போல இரண்டு மூன்று அடுக்கு தெரிந்தால் லேமினேட், நம் பேச்சில் பிளைவுட். சில கிட்டார்களில் விளிம்பை பெயின்ட்டாலோ பிளாஸ்டிக் வளையத்தாலோ மூடியிருப்பார்கள், அப்போது மாடல் பெயரைப் போட்டுத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், செலவு இதைப் பொறுத்தது. லேமினேட் பலகை ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது. அதற்குப் படி 3, 5, 8 போதும், விலை உயர்ந்த பாக்கெட்டுகள் எதுவும் வேண்டாம். சாலிட் டாப் அப்படி இல்லை. மரம் ரேகையின் நீளவாக்கில் ஏறக்குறைய மாறவே மாறாது, அகலவாக்கில்தான் உப்பும், சுருங்கும். அகலமான உடல் கொண்ட ட்ரெட்நாட் வகைக் கிட்டாரின் கீழ்ப்பகுதி 40 சென்டிமீட்டர் அகலம். ஈரப்பதம் 50-இலிருந்து 30-க்கு இறங்கி அப்படியே சில வாரம் நின்றால், அந்த ஸ்ப்ரூஸ் பலகை தனியாகக் கிடந்திருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே சுருங்கியிருக்கும். ஆனால் அதைச் சுற்றிலும் பக்கப் பலகையோடும் அடியில் பிரேஸ் கட்டைகளோடும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள், சுருங்க இடமில்லை. அதனால்தான் விரிசல் விடுகிறது.

2. பில், சீரியல் நம்பர், போட்டோ

வாங்கிய அன்றே இதை முடித்துவிடுங்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள், கடை பில்லில் மை ஆறே மாதத்தில் மங்கிவிடுகிறது. சீரியல் நம்பர் பெரும்பாலும் சவுண்ட் ஹோலுக்குள் லேபிளிலோ கட்டையிலோ இருக்கும், அதையும் எடுங்கள். அப்புறம் டாப், பிரிட்ஜின் (டாப்பில் தந்திகளைக் கட்டும் கட்டை) பின்விளிம்பு, ஃபிங்கர்போர்டின் (கழுத்தில் விரல் வைக்கும் பலகை) இரண்டு ஓரம், பின்பலகை, இவை ஒவ்வொன்றையும் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம்.

கவனிக்க வேண்டியது: வாரண்டி தாளின் விதிவிலக்குப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். வெப்பத்தாலும் ஈரப்பத மாற்றத்தாலும் வரும் விரிசல், வளைவு வாரண்டியில் சேராது என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். கையில் வந்தபோதே விரிசல் இருந்தது என்று நிரூபிக்க உங்களிடம் இருப்பது அந்த முதல் நாள் படங்கள் மட்டும்தான்.

கூரியரில் வந்திருந்தால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், ஆனால் வந்தவுடனே கிட்டாரை வெளியே எடுத்து மாட்டிவிடாதீர்கள். லாரியில் வெயிலில் கிடந்து வந்த மரம். வெளி அட்டையைப் பிரித்து அடி வாங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பையோடு மூடி அரை நாள் வீட்டுக்குள் வைத்து, பிறகு வாசியுங்கள்.

3. மீட்டர் வாங்கி உப்பில் சோதியுங்கள்

டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் 200 ரூபாயிலிருந்து 500 ரூபாய்க்குள் ஆன்லைனில் கிடைக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, வெப்பமும் ஈரப்பதமும் காட்டும். இந்த ஒரு செலவை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். கையால் தொட்டுப் பார்த்து ஈரப்பதத்தைச் சொல்லவே முடியாது, நமக்குப் புழுக்கமாக இருக்கும் மே மாத மதியத்தில் மீட்டர் 30-க்குப் பக்கத்தில் நிற்கும்.

மலிவான மீட்டர்கள் ஐந்து, பத்து சதவீதம் தள்ளிக் காட்டுவது சாதாரணம். அதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு முழுசாகக் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் லாக் கவரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உப்பு மீட்டரில் படாமல் மூடி, ஒரு நாள் முழுக்க வெயில் படாத இடத்தில் விடுங்கள். கவருக்குள் காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மீட்டர் 69 காட்டினால் உங்கள் மீட்டர் 6 குறைவாகக் காட்டுகிறது என்று அர்த்தம். பேப்பரில் எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள், இனிமேல் எப்போதும் 6 கூட்டிப் படிக்க வேண்டும்.

கல்லுப்பு வேண்டாம். அதில் மெக்னீசியம் உப்புகளும் கலந்திருக்கும், 75-க்கு வராது. பாக்கெட் தூள் உப்புதான் சரி.

4. ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் இது. மீட்டரைக் கிட்டார் இருக்கும் அறையில் வைத்து காலை, மதியம், இரவு மூன்று வேளையும் குறியுங்கள். ஃபோனில் வரும் வானிலை அளவு உங்கள் அறைக்கு உதவாது, அது வெளிக்காற்று. நான் குறித்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரே நாளுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கம்தான். காலையில் 60 இருந்தது மதியம் 30-க்கு வந்து, ராத்திரி திரும்பவும் ஏறுகிறது. ஒரு நாள் ஏறி இறங்குவதால் மரம் உடனே கெட்டுவிடாது, ஈரம் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் நேரம் எடுக்கும். வாரக்கணக்கில் ஒரே பக்கம் நிற்பதுதான் ஆபத்து. அதனால் மூன்று வேளையின் சராசரியைப் பாருங்கள்.

5. கிட்டாருக்கு இடம்

அறை முழுவதையும் சரிசெய்ய முயற்சி செய்யாதீர்கள், கரண்ட் பில்தான் ஏறும். பெட்டிக்குள் இருக்கும் கொஞ்சம் காற்றைச் சரிசெய்வது சுலபம். பிளைவுட்டால் செய்த ஹார்டு கேஸ் இருந்தால் வெளியே என்ன மாறினாலும் உள்ளே மெதுவாகத்தான் மாறும். நான் விசாரித்தவரை 4,000 முதல் 8,000 ரூபாய் வரை சொல்கிறார்கள். முடியவில்லையா, தடித்த ஃபோம் வைத்த கிக் பேக் போதும், ஜிப்பை முழுசாக மூடி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டும். மெல்லிய துணிப்பை தூசிக்குத்தான் ஆகும்.

வைக்கக் கூடாத இடங்கள்: மேற்குப் பார்த்த சுவர் (மாலையில் கை வைத்துப் பாருங்கள், இரவு ஒன்பது மணிக்கும் சுடும்), மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண், சமையலறையை ஒட்டிய சுவர், மழைக்காலத்தில் துணி காயப்போடும் அறை. சீட் போட்ட வீடாக இருந்தால் மதியத்துக்கு மட்டுமாவது பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வையுங்கள், தரைமட்டத்தில் சூடு குறைவு. சுவரில் ஆணி அடித்து அழகுக்கு மாட்டுவதை சாலிட் டாப் வைத்திருப்பவர்கள் விட்டுவிடுங்கள்.

ஏர் கூலரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் ஏப்ரல் வந்தால் வீட்டுக்கு வீடு அதுதான். தண்ணீரை ஆவியாக்கித்தான் அது குளிர்ச்சி தருகிறது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரவு முழுக்க ஓட்டினால் வெளியே வறண்டு கிடக்கும்போதே அந்த அறையில் 75, 80 வரை ஏறிவிடும், காலையில் நிறுத்தியதும் மதியத்துக்குள் மறுபடி 30. ஏ.சி. இதற்கு நேர் எதிர், அது காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து எடுக்கிறது. கூலர் ஓடும் அறையிலோ ஏ.சி. ஓடும் அறையிலோதான் கிட்டாரும் இருந்தாக வேண்டும் என்றால் இருக்கட்டும், ஆனால் பெட்டிக்குள் மூடியிருக்கட்டும், கூலரின் காற்று பெட்டியின்மேல் நேராக அடிக்க வேண்டாம்.

6. வறண்ட மாதங்கள்: பிப்ரவரி முதல் மே வரை

மரம் காய்ந்துவிட்டதைக் கையால் கண்டுபிடிக்கலாம். கழுத்தின் ஓரமாக நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் உட்காரும் சிறு கட்டை) பாடி வரை விரலை மெதுவாக இழுங்கள். குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளின் முனை ரம்பம் போல விரலில் உரசினால் ஃபிங்கர்போர்டு மரம் சுருங்கிவிட்டது, உலோகம் சுருங்கவில்லை, அதனால் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை பிரிட்ஜுக்குப் பின்னால் டாப்பின் குறுக்கே நிறுத்திப் பாருங்கள். நல்ல நிலையில் டாப் நடுவில் லேசாக மேடாக இருக்கும், ஸ்கேலின் இரண்டு முனையிலும் இடைவெளி தெரியும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் டாப் குழிந்திருக்கிறது, உடனே கவனிக்க வேண்டும்.

செலவில்லாத வழி: துளை போட்ட சோப்பு டப்பா, அதற்குள் ஒரு ஸ்பாஞ்ச். ஸ்பாஞ்சை நனைத்து, பிழிந்து, இன்னொரு முறை பிழிந்து, ஒரு சொட்டும் விழாது என்று தெரிந்த பிறகு டப்பாவில் போட்டு, பெட்டியில் ஹெட்ஸ்டாக் (தந்தியை முறுக்கும் தலைப்பகுதி) பக்கம் வையுங்கள். மீட்டரையும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நனைக்க வேண்டி வரும். நம் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், ஸ்பாஞ்ச் சீக்கிரமே கல்லாகிவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், பேட்டரி கடைகளில் கிடைக்கும், ஆனால் பாட்டில் லேபிளைப் படித்து வாங்குங்கள். அதே அலமாரியில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும்.

காசு செலவழிக்க முடிந்தவர்களுக்கு இருவழிப் பாக்கெட் இருக்கிறது: டாடாரியோவின் ஹியூமிடிபேக், அல்லது போவேடாவின் 49 சதவீதப் பாக்கெட். காய்ந்தால் ஈரம் தரும், ஈரமானால் இழுத்துக்கொள்ளும், நம் ஊருக்குப் பொருத்தமானது. ஹியூமிடிபேக் செட்டில் மூன்று பாக்கெட் இருக்கும், இரண்டு சவுண்ட் ஹோலில் தொங்கும் பைக்குள், ஒன்று கழுத்துக்கு அடியில். செட் 2,000 ரூபாய்க்கு மேல் ஆகும், பைகள் அப்படியே இருக்கும் என்பதால் அடுத்த முறை பாக்கெட் மட்டும் வாங்கினால் போதும். சில மாதம் தாங்கும், கோடையில் சீக்கிரம் தீரும். உள்ளே கூழ் போல இருப்பது கெட்டியாகி, அமுக்கினால் உடைவது போல ஆகிவிட்டால் மாற்றுங்கள். கிக் பேக்கில் வைத்தால் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் ஹார்டு கேஸ் இல்லாதவர்கள் முதலில் சோப்பு டப்பாவையே முயற்சி செய்யுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஃபிங்கர்போர்டில் தேங்காய் எண்ணெய் தடவினால் ஈரம் கிடைக்கும் என்று சொல்வார்கள். எண்ணெய் தண்ணீர் ஆகாது, தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்து சிக்கு வாடை வேறு வரும். இன்னொன்று, காய்ந்த கிட்டாரை ஒரே நாளில் சரிசெய்ய ஸ்பாஞ்சை அதிகமாக நனைப்பது. குழிந்த டாப் மேலே வர ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். ஆகட்டும்.

7. ஈர மாதங்கள்: ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை

நம் மாவட்டங்களில் மழை அதிகம் பெய்வது செப்டம்பர், அக்டோபரை ஒட்டித்தான், ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் அதற்கப்புறம் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். இப்போது அறிகுறி தலைகீழ்: பிரிட்ஜுக்குப் பின்னால் டாப் வயிறு போல உப்பும், தந்திகள் உயர்ந்து பன்னிரண்டாவது ஃபிரெட்டில் விரல் வலிக்கும், சத்தம் அடைத்தது போல இருக்கும், தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒரு விசிட்டிங் கார்டை பிரிட்ஜின் பின்விளிம்பில் மெதுவாக நுழைத்துப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் ஒட்டு விட ஆரம்பித்திருக்கிறது. தந்திகளைத் தளர்த்திவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள், அதை இழுத்துக்கட்டி வாசிக்காதீர்கள்.

ஸ்பாஞ்ச் டப்பாவை இந்த மாதங்களில் வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பதில் சிலிக்கா ஜெல், அரை கிலோ சில நூறு ரூபாய்தான். நிறம் மாறும் ஆரஞ்சு வகையாகப் பார்த்து வாங்குங்கள், நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது வேண்டவே வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியில் 50 கிராம் கட்டி ஒன்றிரண்டு மூட்டையாகப் பெட்டியில் போட்டு மீட்டரைப் பாருங்கள். 50-க்கு வந்துவிட்டால் ஒரு மூட்டையை எடுத்துவிடுங்கள். போட்டு மறந்துவிட்டால் சிலிக்கா நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும், அக்டோபரிலேயே 30-க்குக் கொண்டுபோய்விடும். நிறம் மாறிய ஜெல்லை ஓடிஜி அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும்.

இருவழிப் பாக்கெட் வைத்திருப்பவர்கள் சிலிக்காவைச் சேர்த்துப் போடாதீர்கள். பாக்கெட் தரும் ஈரத்தை எல்லாம் சிலிக்கா குடித்துவிடும், இரண்டும் வீண். அரிசி மூட்டை போடுவதும் வேண்டாம், எறும்பும் வண்டும்தான் வரும்.

பூசணம் பிடித்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஃபேன் காற்றில் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கி விரிசல் விடும்.

8. செட்டப் (தந்தி உயரத்தையும் கழுத்தையும் சரிசெய்யும் வேலை) செய்ய எப்போது போகலாம்?

எனக்குப் பணம் போனது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மழைக்காலத்தில் ஆக்‌ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம்) உயர்ந்துவிட்டது என்று வெளியூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கிட்டார் எங்கே இருக்கிறது, பெட்டிக்குள் ஈரப்பதம் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சேடிலைக் கழற்றி, அடிப்பக்கத்தைத் தேய்த்து, தந்தியை இறக்கிக் கொடுத்துவிட்டார்கள். அப்போது வாசிக்க அருமையாக இருந்தது. மார்ச் பிறந்ததும் டாப் தானாகக் கீழே இறங்கியது, தந்திகள் ஃபிரெட்டில் பட்டு எல்லா இடத்திலும் கிர்ரென்ற அதிர்வுச் சத்தம். தேய்த்த சேடிலில் திரும்ப உயரத்தை ஏற்ற முடியாது, புதிதாக எலும்பு சேடில் வாங்கி, மறுபடி கூலி கொடுத்துப் பொருத்த வேண்டியதாயிற்று.

அதனால் வரிசை இதுதான். முதலில் பெட்டிக்குள் 45–55-ஐக் கொண்டுவாருங்கள். இரண்டு வாரம் அப்படியே இருக்கட்டும். பிறகு அளந்து பாருங்கள்: பன்னிரண்டாவது ஃபிரெட்டில், ஃபிரெட்டின் உச்சியிலிருந்து தந்தியின் அடி வரை, தடித்த ஆறாவது தந்திக்கு ஏறக்குறைய 2.4 மி.மீ., மெல்லிய முதல் தந்திக்கு 1.6 முதல் 2 மி.மீ. பலருக்கு இந்த இரண்டு வாரத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடும், கடைக்கே போக வேண்டியதில்லை. அதற்கப்புறமும் அளவு தள்ளியிருந்தால் அது நிஜமான செட்டப் வேலை, தயங்காமல் போங்கள். கடையில் முதல் கேள்வியாக நீங்களே கேளுங்கள்: ட்ரஸ் ராடையும் (கழுத்துக்குள் இருக்கும், கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் கம்பி) ஈரப்பதத்தையும் பார்த்துவிட்டுத்தானே சேடிலைத் தொடுவீர்கள்? தேய்த்த பழைய சேடிலைத் திருப்பித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள்.

ட்ரஸ் ராடை நீங்களே திருப்புவதாக இருந்தால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், ஒரு நாள் விட்டுத் திரும்பப் பாருங்கள். உப்பிய டாப்பை ட்ரஸ் ராடால் சரிசெய்ய முடியாது, அது கழுத்துக்கு மட்டும்தான்.

9. பயணம்

கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர், ஓசூர் 900 மீட்டருக்குப் பக்கம். ஒன்றரை மணி நேரத்தில் வெயிலிலிருந்து குளிருக்குள் போய்விடுவோம். பெட்டியோடு போய், சேர்ந்த இடத்தில் அரை மணி நேரம் திறக்காமல் வைத்தால் போதும். ஏ.சி. மண்டபத்தில் வாசித்துவிட்டு மழை இரவில் வெளியே வரும்போதும் அப்படியே, மூடிய பிறகுதான் கதவைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த மரத்தின்மேல் தண்ணீர் பூக்கும்.

காரில் விட்டுவிட்டு சாப்பிடப் போகாதீர்கள். கோடையில் மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும், கிட்டாரில் போடும் மரப்பசை பல வகை அந்தச் சூட்டை ஒட்டியே இளக ஆரம்பிக்கும், தந்தியின் இழுப்பும் சேர்ந்தால் பிரிட்ஜ் பெயர்ந்து வரும். பஸ்ஸில் டிக்கியில் போடாமல் ஆளோடு வைத்துக்கொள்ளுங்கள், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. பைக்கில் முதுகில் மாட்டிப் போகிறவர்கள் மதியம் பன்னிரண்டு முதல் நான்கு வரை தவிர்க்கப் பாருங்கள், கறுப்புப் பை வெயிலை அப்படியே உறிஞ்சும்.

10. விரிசல் விட்டுவிட்டால்

ஃபெவிக்விக்கைத் தொடாதீர்கள். அது மரத்துக்குள் இறங்கி இறுகிவிட்டால் பிறகு எந்த நல்ல பசையும் ஒட்டாது, பழுது பார்ப்பவருக்கு வேலை இரட்டிப்பு, உங்களுக்குச் செலவும் இரட்டிப்பு. தந்திகளை இரண்டு சுரம் இறக்குங்கள். விரிசலின் இரண்டு முனைக்கும் பக்கத்தில் சின்னதாக மாஸ்கிங் டேப் ஒட்டிப் படம் எடுங்கள், நீள்கிறதா என்று தெரியும். பெட்டிக்குள் 50-க்குக் கொண்டுவந்து இரண்டு மூன்று வாரம் பொறுங்கள், மெல்லிய விரிசல் பெரும்பாலும் தானாகவே சேர்ந்து நிற்கும், அந்த நிலையில் பசை வைத்து உள்ளே சிறு கட்டை கொடுத்து ஒட்டுவது சுலபம். திறந்திருக்கும்போதே கொண்டுபோனால் நடுவில் மரச் சீவலை வைத்து நிரப்ப வேண்டி வரும், அதற்குக் கூலி அதிகம்.

இந்த வேலை தெரிந்தவர்கள் நமக்குப் பக்கத்தில் என்றால் பெங்களூருவில்தான் அதிகம். போவதற்கு முன் படங்களை அனுப்பித் தொகையையும் நாளையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், கிட்டாரோடு பில் நகலும், பெட்டியின் ஈரப்பத அளவைக் குறித்த உங்கள் நோட்டும் போகட்டும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளுக்காகப் பழுது வேலைகள் குவிந்து கிடக்கும், அவசரம் இல்லாத வேலையை ஜனவரிக்குத் தள்ளிக் கொடுங்கள்.